மஞ்சள் படாத மூன்று ஜன்னல்கள்

என் அன்பு நானா,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் கப்றுக் குழியில் காற்றும் வெளிச்சமும் குறையாமல் இருக்கட்டும்.

இன்று சுபஹுத் தொழுதுவிட்டு நான் முதலில் செய்தது மாடி ஜன்னல்களைத் துடைத்ததுதான். வருடாவருடம் வரும் சோழகக் காற்று இரவெல்லாம் கடலை அள்ளித் தூவிவிட்டுப் போயிருந்தது. வெளிப்பக்கச் சட்டத்தில் விரலை வைத்தால் பிசுபிசுக்கிறது, நாக்கில் வைத்தால் கரிக்கிறது. பழைய துண்டொன்றை நனைத்து மூன்றையும் துடைத்தேன். அடிமூலையில் பெருவிரலால் தடவிப் பார்த்தேன். இரண்டு சோழகம் பார்த்த ஜன்னல்கள், நானா. ஒரு கொப்புளம் இல்லை.

"வாரத்துக்கு ஒருக்காத் தொடச்சாப் போதும் புள்ள, சும்மா தேய்ச்சித் தேய்ச்சிப் பெயின்ட கழட்டாதே" என்று சொன்னீர்கள். நான் தினமும் துடைக்கிறேன். எங்களில் பெண்கள் கப்றுகள் இருக்கும் மையவாடிக்குப் போவதில்லை. கூடப்பிறந்த உங்களைத் தொட வேண்டும் போலிருந்தால் தங்கச்சி எனக்கு இருப்பது இந்தச் சட்டங்கள்தான்.

அதனால்தான் எழுதுகிறேன். வேறு எங்கே போய்ச் சொல்வது?

முதலில் வீட்டுச் செய்தி. உங்கள் மனைவி, என் மைனி, சுகம். நீங்கள் போனதிலிருந்து வெளியே வராமல் இருக்கும் இத்தாக் காலம் முடிய இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கிறது. வெள்ளைச் சேலையோடு உள்ளறையில் இருந்தபடி போனிலேயே உங்கள் ஜன்னல் கடையை நடத்துகிறார். நீங்கள் பார்த்தால் நம்பமாட்டீர்கள். கணக்கென்றால் தலையிடி வரும் என்றவர், இப்போது அலுமினியம் விற்கிறவரோடு விலை பேசுகிறார். உங்கள் மூத்தவள் ஓ.எல். பரீட்சை எழுதிவிட்டு வீட்டோடு இருக்கிறாள். சின்னவள் உங்கள் போனில் பதிந்து கிடக்கும் குரலை எடுத்துக் கேட்கிறாள். யாரோ ஒருவரிடம் நீங்கள் 'நாளைக்கு வாங்க, இன்ஷா அல்லாஹ் முடிச்சித் தாரேன்' என்று சொல்லும் குரல். அதையே திரும்பத் திரும்பக் கேட்கிறாள்.

அடுத்த செய்தியை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. நர்சரி ஜன்னல்கள் பழுதாகிவிட்டன, நானா.

எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில், கடலைப் பார்த்தபடி பள்ளிவாசல்காரர்கள் கட்டிய அந்தச் சின்ன நர்சரி. கடற்பக்கம் மூன்று ஜன்னல்கள். "சோழகம் தொடங்குறதுக்குள்ள புள்ளைகள்ட ஜன்னல மாட்டித் தாரேன்" என்று நீங்கள் வாக்குக் கொடுத்தது. நீங்கள் போன பிறகு கடை ஆட்கள் மாட்டினார்கள். காற்று தொடங்கிக் கொஞ்ச நாளிலேயே வெள்ளைப் பூச்சுக்கு அடியில் சின்னச் சின்னக் கொப்புளங்கள் வந்தன. பிறகு மூலைகளிலிருந்து நூல் நூலாக, ஈர மண்ணில் புழு ஊர்ந்த தடம் மாதிரி. பிள்ளைகள் நகத்தால் கிள்ளுகிறார்கள். பூச்சு தோலாக உரிந்து வருகிறது. அடியில் சாம்பல் மாதிரி வெள்ளைப் பொடி.

பள்ளிவாசல் கமிட்டியிலிருந்து ஹாஜியார் வந்தார். எங்களுடைய மாடி ஜன்னல்களைப் பார்த்துவிட்டு, 'இதே மாதிரி, இதே அளவு வேணும்' என்று உங்களிடம் கேட்ட அதே ஹாஜியார்தான். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நல்லது. "மவுத்தானவரப் பத்தி நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்றார். "ஆனா அந்த மஞ்சளை விட்டது பிழை."

அதிலிருந்து ஊரெல்லாம் அந்தக் கதைதான். ஹோட்டல் கட்டுகிறவர்கள் இரண்டு பேர் ஓடரைத் திருப்பிவிட்டார்கள். போன கிழமை கொழும்பிலிருந்து ஒரு பீப்பாய் வந்து இறங்கியது. மஞ்சள். இந்தச் சனிக்கிழமை தொட்டியில் கலக்கப் போகிறார்கள். நீங்கள் கழுவிக் கவிழ்த்து வைத்த அதே பழைய தொட்டியில்.

நுரைச்சோலைச் சந்திக்கு இந்தப் பக்கம் நீங்கள் அந்தக் கடையைப் போட்ட காலம் ஞாபகம் வருகிறது. அலுமினியத்துக்கு வெறுமனே வர்ணம் அடித்தால் நிற்காது, அதற்கு முன்னால் ஒரு மருந்தில் முக்கி எடுக்க வேண்டும் என்று எனக்குச் சொல்லித் தந்தது எந்தப் புத்தகமும் இல்லை, உங்கள் தொட்டி. வெள்ளி மாதிரி உள்ளே போகும் சட்டம், தங்கம் பூசின மாதிரி வெளியே வரும். வெயிலில் பிடித்தால் மீன் செதில் மாதிரி பச்சையும் ரோசாவும் ஓடும். அந்த மஞ்சளுக்கு மேல் பவுடர் அடித்து, சூட்டறையில் வேகவைத்தால், கடற்கரையில் எத்தனை வருடம் என்றாலும் நிற்கும். கீறல் விழுந்தாலும் மஞ்சள் மெல்லக் கசிந்து போய் அந்தக் கீறலைத் தானே மூடும். அவ்வளவு நல்ல மருந்து.

ஏ.எல். வகுப்புப் பிள்ளைகளுக்கு இரசாயனம் படிப்பிக்கிற எனக்கு அந்த மஞ்சளின் பெயர் தெரியும். ஆறு வலுவுள்ள குரோமியம். தோலில் பட்டால் புண், மூச்சில் போனால் நுரையீரல், தண்ணீரில் போனால் ஊர். உங்களிடம் சொன்னேன். நீங்கள் சிரித்தீர்கள். "கலியாண வீட்டுல என்ன பிரியாணி போட்டாலும் சனம் மஞ்சச் சோத்தத்தான் தேடும் புள்ள. மஞ்சள் இல்லாட்டி என்ட கடைக்கு ஆர் வருவா?"

நான் சொல்லி நீங்கள் விடவில்லை. வுழூதான் உங்களை விடவைத்தது.

ஐந்து வேளையும் தொழுகைக்குக் கழுவும்போது மூக்குக்குத் தண்ணீர் செலுத்துவீர்கள் அல்லவா, அப்போது எரிந்தது. முதலில் எரிச்சல். பிறகு ரத்தம். நோன்பு மாதத்தில் ஒருநாள் லுஹருக்கு வுழூ செய்தபோது உள்ளங்கைத் தண்ணீர் சிவந்து போனதைப் பள்ளிவாசல் ஹவ்ழுத் தண்ணீர்த் தொட்டியில் பக்கத்தில் இருந்தவர் பார்த்துவிட்டு, நோன்பு முறியுமா முறியாதா என்று விவாதம் பண்ணினாராம். அதை நீங்கள் எங்களுக்குப் பகிடியாகத்தான் சொன்னீர்கள். மைனி சிரித்தார். நான் உங்கள் விரல்களைப் பார்த்தேன். நகக்கண்களுக்குப் பக்கத்தில் வட்டவட்டமாக, ஆணி குத்தின மாதிரிக் குழிகள். நீங்கள் கையை இழுத்துச் சாரத்தில் மறைத்துக்கொண்டீர்கள்.

பிறகு ஒருநாள் நீங்களாகவே வந்து, "புள்ள, மஞ்சள் இல்லாத மருந்து ஒண்ணு இருக்குன்னு சொன்னியே, அது என்ன?" என்று கேட்டீர்கள்.

அந்த வருடம் எவ்வளவு சந்தோஷமான வருடம்! சிர்கோனியம் கலந்த அந்த மருந்தை முதன்முதலில் புதுத் தொட்டியில் ஊற்றியபோது தண்ணீர் தண்ணீராகவே இருந்தது. சட்டம் உள்ளே போன மாதிரியே வெளியே வந்தது. நீங்களும் செல்வனும் மாறி மாறி வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தீர்கள். தொட்டிக்குப் பொறுப்பான உடப்பு ஊர்ச் செல்வன், நாற்பது தாண்டியவர், எதற்கும் வாய் திறக்காதவர், அன்று தலையைச் சொறிந்தார். "மொதலாளி, இது புடிச்சிச்சா புடிக்கல்லியா? எனக்கு ஒண்டும் தெரியல்லியே."

அதுதான் சிக்கல். மஞ்சளில் கண் பார்த்து முடிவு சொல்லும். இதில் கண்ணுக்கு வேலையே இல்லை. சொன்ன அளவு, சொன்ன நேரம், சொன்ன தண்ணீர் என்று நம்பிச் செய்ய வேண்டும். நீங்கள் நம்புகிற ஆள் இல்லை. பூச்சு அடித்த துண்டுகளைக் கத்தியால் சதுரம் சதுரமாகக் கீறி, மைனியின் கறிச்சட்டியில் போட்டுக் கொதிக்கவைத்து, பூச்சு உரிகிறதா என்று பசை நாடா ஒட்டி இழுத்துப் பார்ப்பீர்கள். மைனி வாசலில் நின்று யாரைக் கண்டாலும் சொல்வார்: "உள்ள உங்கட மொதலாளி ஜன்னல் ஆக்குறாரு. உப்புப் பாத்துட்டுப் போங்க."

உப்பு. அந்தச் சொல்லை அப்போது நாங்கள் எல்லாரும் சிரித்துக்கொண்டே சொன்னோம்.

புதிய மருந்துக்கு ஒரு பிடிவாதம் உண்டு. கடைசிக் கழுவல் உப்பில்லாத தண்ணீரில் இருக்க வேண்டும். எங்கள் ஊர்க் கிணற்றுத் தண்ணீரில் சவர்க்காரம் நுரைக்காது, கேத்தலில் சுண்ணாம்பு படியும். அந்தத் தண்ணீர் சட்டத்தில் காய்ந்தால் உப்பு நின்றுவிடும். அதற்கு மேல் பவுடர் அடித்தால் பூச்சுக்கு அடியில் உப்பு சிறைப்படும். சிறைப்பட்ட உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். மஞ்சள் அதையும் ஓரளவு பொறுத்துக்கொள்ளும். இது பொறுக்காது.

அதனால் குடிக்கிற பில்டர் தண்ணீரைக் கேன் கேனாக வாங்கி வந்து, நீலப் பீப்பாய்களில் ஊற்றி, தோட்டத்துக்கு மருந்தடிக்கும் கருவியால் ஒவ்வொரு சட்டத்துக்கும் கடைசியாகத் தெளித்தீர்கள். சிறுநீரக வருத்தத்துக்குப் பயந்து ஊரே வரிசையில் நின்று வாங்கும் தண்ணீர் அது. வரிசையில் நின்றவர்கள் சும்மா விட்டார்களா? "என்ன மொதலாளி, உங்கட ஜன்னலுக்கும் கிட்னி வருத்தமா?" என்று கேட்டார்கள். நீங்கள் அசரவில்லை. "ஓம், டயலிசிஸுக்குக் கொண்டு போறேன்" என்றீர்கள்.

அப்படிக் கழுவின முதல் சோடிகள்தான் என் மாடி ஜன்னல்கள். வீடு குடிபோனபோது நீங்களே கொண்டுவந்து மாட்டினீர்கள். ஆணி முடுக்கும்போது இருமினீர்கள். தூசு என்றீர்கள்.

தூசு இல்லை. எங்களுக்குத் தெரியவந்தபோது நுரையீரலில் பாதி புற்றில் போயிருந்தது. ஆஸ்பத்திரியில் டொக்டர் முதலில் கேட்டது, சிகரெட் எவ்வளவு காலம் என்று. வாழ்க்கையில் ஒன்றும் குடித்ததில்லை என்று நீங்கள் சொன்னபோது நம்பாத மாதிரிப் பார்த்தார். நான் மஞ்சளைப் பற்றிச் சொன்னேன். இருக்கலாம் என்றார். நுரைச்சோலை நிலக்கரி மின்நிலையப் புகைபோக்கியைப் பற்றி வேறு யாரோ கேட்டார்கள். அதுவும் இருக்கலாம் என்றார். எதுவும் இல்லாமலும் வரலாம் என்றார். அந்த மனிதரில் பிழையில்லை. யாராலும் சொல்ல முடியாது. நானும் எத்தனையோ வாசித்துப் பார்த்துவிட்டேன். பொதுவாக இந்த மஞ்சள் என்ன செய்யும் என்று எல்லாரும் எழுதியிருக்கிறார்கள். உங்களுக்கு என்ன செய்தது என்று எழுத ஆள் இல்லை.

உங்களுக்கு எதிரியாக ஒரு பெயரைச் சொல்லக்கூட என்னால் முடியவில்லையே, நானா. அதைவிடக் கையாலாகாத நிலை என்ன இருக்கிறது?

சரி, நர்சரி ஜன்னலுக்கு வருகிறேன்.

ஹாஜியார் வந்து போன பிறகு நான் செல்வனைப் போய்ப் பார்த்தேன். மருந்து பிழையா, அளவு பிழையா, சூடு பிழையா என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். எல்லாவற்றுக்கும் இல்லை என்றார். அப்புறம் தானாகச் சொன்னார்.

"டீச்சர், அது மொதலாளி மவுத்தாப் போன கிழமை முக்கின சட்டம்."

தெரியும் என்றேன். வாக்குக் கொடுத்தவர் போய்விட்டார், வாக்கைத் தொங்கவிடக் கூடாது என்று செல்வன் அழுதழுது அந்த வேலையை முடித்ததாக எல்லாரும் சொன்னார்கள்.

"அந்தக் கெழம பீப்பாயில தண்ணி எங்க இருந்திச்சு? ஊரே வந்திச்சே. வெயில். வந்த சனம் குடிச்சிச்சு. தேத்தண்ணி போட்டாங்க, கஞ்சி காய்ச்சினாங்க. நான் பாத்துக்கிட்டுத்தான் நிண்டன். மவுத்து வீட்டுல தண்ணி குடிக்காதீங்க எண்டு சொல்ல ஏலுமா?"

பில்டர் நிலையத்துக்கும் அந்தக் கிழமை பூட்டு, மோட்டர் பழுது. செல்வன் கிணற்றுத் தண்ணீரில் கழுவியிருக்கிறார். பார்க்கத் தெளிவாகத்தான் இருந்தது. மஞ்சள் காலத்தில் எப்போதும் அப்படித்தானே செய்தோம் என்று நினைத்திருக்கிறார்.

அவர் பிறகு சொன்னது இது. ஜனாஸாவாகக் கிடந்த உங்களைக் குளிப்பாட்டக் கிணற்றுத் தண்ணீர் எடுக்கப் போனார்களாம். உங்கள் ஆட்களில் யாரோ, "அவர் ஜன்னலையே நல்ல தண்ணியில கழுவினவரு, அவரை ஏன் சவர்த் தண்ணியில கழுவுறீங்க" என்றார்களாம். இருந்த நல்ல தண்ணீரில் முதலில் எடுத்தது உங்களுக்குத்தான். இலந்தை இலை போட்டது, கற்பூரம் கரைத்தது எல்லாம் அந்தத் தண்ணீரில்தான். மிச்சத்தைத்தான் ஊர் குடித்திருக்கிறது.

யாரைக் கோபிப்பேன்? நீங்கள் ஜன்னலுக்கென்று சேர்த்து வைத்தது உங்களுக்கே உதவியது, தாகத்தோடு வந்தவர்களுக்கும் உதவியது. அதில் ஒரு சொட்டைக்கூடத் திரும்பக் கேட்க எனக்கு மனமில்லை. ஆனால் அதே தண்ணீர் இல்லாமல்தான் உங்கள் கடைசி வாக்கு கொப்புளம் கொப்புளமாக உரிந்து கிடக்கிறது.

பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் உரிந்த தோலைக் கழுவிச் சோதித்துப் பார்த்தேன். வெள்ளி நைத்திரேற்று விட்டதும் பால் மாதிரி வெண்மை படிந்தது. குளோரைட்டு. ஓடிப்போய்ச் செல்வனிடம் காட்டினேன். அவர் சிரித்தார், பாவம், என்னைப் பார்த்துத்தான். "டீச்சர், கல்பிட்டியில எதைச் சுரண்டினாலும் உப்புத்தான் வரும். உங்கட முக்காட்டப் புழிஞ்சாலும் வரும்." உண்மைதானே. என் படிப்பு அந்தச் சோதனைக் குழாய்க்குள்ளேயே கரைந்து போயிற்று.

அப்படியும் மைனியிடம் சொல்லத்தான் போனேன். சனிக்கிழமைக்கு முன் சொல்லிவிட வேண்டும் என்று வழியெல்லாம் வசனம் கோர்த்துக்கொண்டு போனேன். மைனி உள்ளறையில் தஸ்பீஹ் மணியோடு இருந்தார். நான் மருந்தில் பிழையில்லை என்று தொடங்கினேன்.

"புள்ள, எனக்கு உன்ட கெமிஸ்ட்ரி வேணாம்" என்றார். குரலை உயர்த்தவில்லை. "ரெண்டு பொம்புளப் புள்ளைகள வெச்சிக்கிட்டு இந்தக் கதவுக்குள்ள இருக்கிறேன். அவர் மஞ்சள்ல செஞ்ச காலத்துல ஒரு ஜன்னல் திரும்பி வந்ததா, சொல்லு?"

ஜன்னல் வரவில்லைதான், மைனி, நானாவுமே வரவில்லையே என்று தொண்டை வரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

"செல்வனும் சரி எண்டு சொல்லிட்டான்" என்றார்.

ஓம், சொல்லிவிட்டார். நான் தனியே கேட்டபோது, உடப்பில் தீமிதிப்பு முடித்துவிட்டு வந்த சூட்டில் இருந்தார். "நெருப்பு மிதிச்ச காலு டீச்சர், மஞ்சத் தண்ணி என்ன செய்யப் போவுது? ரெண்டு சோடிக் கையுறை போட்டா சரி." ஆனால் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் சொன்னார். நீங்கள் சாரத்தில் மறைத்த மாதிரியே. பழைய குழிகள் ஆறியிருக்கின்றன. தழும்பு மட்டும் இருக்கிறது. அது சனிக்கிழமை மறுபடி திறக்கும்.

மைனியிடம் தண்ணீர்க் கதையைச் சொல்ல வாயெடுத்தேன், நானா. அதற்குள் அவரே தஸ்பீஹை மடியில் வைத்துவிட்டுச் சொன்னார்: "ஒண்ணே ஒண்ணுதான் எனக்கு ஆறுதல். கடைசியா அவரை நல்ல தண்ணியில குளிப்பாட்டி அனுப்பினோம்."

அந்த ஆறுதலை உடைக்காமல் தேத்தண்ணி குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

இரண்டு நாளாக எனக்கு வகுப்பெடுக்க முடியவில்லை. பலகையில் குரோமியத்தின் வலுவளவுகளை எழுதிவிட்டு, அதிகம் கேடில்லாத மூன்றுக்கும் நஞ்சான ஆறுக்கும் நடுவில் சோக்கைப் பிடித்தபடி நின்றேன். பிள்ளைகள் மிஸ்ஸுக்குக் காய்ச்சலா என்று ஒருவரையொருவர் பார்த்தார்கள். தெரிந்திருப்பதால் என்ன பிரயோசனம்? மஞ்சள் எங்கே போகும் என்று எனக்குத் தெரியும். தொட்டியிலிருந்து பின்பக்கக் குழிக்கு. குழியிலிருந்து மணலுக்கு. எங்கள் மணல் எதைத்தான் பிடித்து வைத்திருக்கிறது? அடுத்த வீட்டுக் கிணறு, அதற்கு அங்கால் இறால் குளம், அதற்கு அங்கால் கடலோரக் களப்பு. இதைச் சொன்னால், சந்திக்குச் சந்தி சாம்பல் பறக்கிற ஊரில் உன் நானாட கடைக் குழிதானா பெரிய விஷயம் என்று கேட்பார்கள். கேட்டார்கள்.

உங்களிடம் கேட்கிறேன். நீங்கள் இருந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? விளக்கிக்கொண்டு இருந்திருக்க மாட்டீர்கள். நீங்கள் யாருக்கும் எதையும் விளக்கினதாக எனக்கு ஞாபகம் இல்லை. துண்டைக் கொதிக்கவைத்து, நாடாவை ஒட்டி, இழுத்து, வந்தவரின் கையில் கொடுப்பீர்கள். "பாருங்க" என்பீர்கள். அவ்வளவுதான்.

இன்று காலை ஜன்னலைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அந்தப் 'பாருங்க' எனக்குக் கேட்டது. சின்னவள் போனில் கேட்கிற குரல் மாதிரி.

அதே அளவு. அதே வெள்ளை. அதே மருந்து. அதே கடல். என் மாடியில் மூன்று, நர்சரியில் மூன்று.

இதுவரை யாருக்கும் சொல்லவில்லை. கீழே தேத்தண்ணிக்குக் காத்திருக்கிற என் வீட்டுக்காரருக்குக்கூட. சொன்னால், நானா ஆசையாக மாட்டித் தந்ததைக் கழற்றுவாயா என்று கேட்பார். அந்தக் கேள்வியைத் தாங்கிக்கொண்டு என்னால் இதைச் செய்ய முடியாது. செய்துவிட்டு வேண்டுமானால் தாங்கிக்கொள்வேன்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு ஆண்கள் போயிருக்கும் நேரம் செல்வனை ஏணியோடு வரச்சொல்லப் போகிறேன். என் மூன்று ஜன்னல்களையும் கழற்றி நர்சரியில் மாட்டுவோம். ஜும்ஆ முடிந்து வரும் ஹாஜியாரை அங்கேயே நிறுத்தி, மூலையில் பெருவிரலை வைத்துத் தடவிப் பார்க்கச் சொல்வேன். இரண்டு சோழகம் தாண்டியது என்று அவருக்கே தெரியும், என் வீட்டில் பார்த்துத்தானே கேட்டார். உங்கள் வாக்கு நிறைவேறும். மைனியிடம் 'ஒரு ஜன்னல் திரும்பி வந்தது' என்று சொல்ல எவருக்கும் காரணம் இருக்காது. உரிந்த மூன்றையும் என் மாடியில் மாட்டிக்கொள்வேன்.

இதனால் சனிக்கிழமை நிற்குமா என்று எனக்குத் தெரியாது. நிற்காமலும் போகலாம். பீப்பாய் வந்து இறங்கிவிட்டது. பயம் வந்த மனத்தை மூன்று ஜன்னல் திருப்புமா? நான் கழற்றிக் கொடுத்ததும் மிச்சம், மஞ்சள் கரைந்ததும் மிச்சம் என்று ஆகலாம். அப்படியானாலும் அந்தப் பிள்ளைகள் கிள்ளுவதற்கு அங்கே தோல் இருக்காது.

மைனிக்குத் தண்ணீர்க் கதையை இத்தா முடிந்த பிறகு நானே சொல்வேன், பக்கத்தில் இருந்து, கையைப் பிடித்துக்கொண்டு. உங்களுக்குக் கொடுத்த தண்ணீர் வீண்போகவில்லை என்றும் சொல்வேன். அதன் பிறகுதான் இந்தக் கடிதம் வேறு யாருடைய கண்ணிலும் படும்.

உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன், நானா. வெள்ளிக்கிழமைக்குப் பிறகும் சுபஹுத் தொழுதுவிட்டு நான் முதலில் செய்வது ஜன்னலைத் துடைப்பதாகத்தான் இருக்கும். கொப்புளம் விழுந்த அந்த மூன்றும் உங்கள் தொட்டியில் முங்கி எழுந்தவைதானே. அழுத்தித் தேய்க்க மாட்டேன்.

இன்று மட்டும், அவை இன்னும் என் மாடியில் இருக்கும்போது, இன்னொரு தடவை துடைத்துவிட்டு வருகிறேன்.

கல்பிட்டியிலிருந்து,
நீங்கள் பேர் சொல்லி ஒருநாளும் கூப்பிடாத, உங்கள் 'புள்ள',
உங்கள் ஒரே தங்கச்சி.